பாலர் பள்ளிக் கட்டடம்: நிலத்தைப் பார்த்து வரைவோம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் பாலர் பள்ளி கட்டவிருக்கும் பெற்றோர்களின் கேள்விகளுக்குக் கட்டடக் கலைஞர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, கிடைத்திருக்கும் நிலம் சரிவானது. வெட்டிச் சமப்படுத்திவிடலாம் என்கிறார் குத்தகையாளர். செய்யலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பிற்பகலில் கொட்டித் தீர்க்கும் நம்மூர் மழைக்கு வெட்டிய செம்மண் கரைந்து ஓடும். அதைத் தடுக்கச் சுவர் எழுப்பும் செலவு, மிச்சம் என்று நினைத்த பணத்தை விழுங்கிவிடும். மேட்டுப் பக்கம் தரையை ஒட்டியும், பள்ளத்துப் பக்கம் குட்டையான கான்கிரீட் தூண்கள்மீதும் கட்டடத்தை நிறுத்தினால், மழைநீர் அடியில் தன் வழியே போகும், காற்றும் புகும், தூணில் கறையான் ஏறினால் உடனே கண்ணில் படும். நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குக் காலை, மாலை வெயில் கிழக்கு, மேற்குச் சுவர்களில்தான் நேராக விழுகிறது.

கேள்வி: அங்கே பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. வெட்டத்தான் வேண்டுமா?

பதில்: வெட்டாதீர்கள். ஜப்பானின் தாச்சிகாவா நகரில் 2007இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபுஜி பாலர் பள்ளியில், கட்டடக் கலைஞர்களான தெசுகா தம்பதியர் அங்கு நின்ற மரங்களை அப்படியே விட்டு, அவை கூரையை ஊடுருவி வளரும்படி வரைந்தார்கள். தூங்குமூஞ்சிக்கு அந்த முறை ஒத்துவராது, ஏனெனில் அதன் கனத்த கிளைகள் காற்றுமழையில் முறியக்கூடியவை. கூரையைக் கிளைகளுக்கு அப்பால் தள்ளி அமைத்து, மரத்தடியை முற்றமாக விட்டு, பட்ட கிளைகளை ஆண்டுதோறும் கழிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: தகரக் கூரை போட்டால், மழைச் சத்தத்தில் ஆசிரியை பேசுவது கேட்குமா?

பதில்: வெறும் தகரமானால் கேட்காது. தகரத்தின் அடியில் கனிமக் கம்பளி (கனிம இழைகளால் ஆன பஞ்சு போன்ற விரிப்பு) விரித்து, அதற்கும் கீழே உட்கூரைப் பலகை அடித்தால் சத்தமும் வெப்பமும் குறையும். இறவாரம் ஒரு மீட்டருக்குக் குறையாமல் நீளட்டும். கூரைத் தகரத்தின் ஓரத்தில் மழைநீரை ஏந்தும் பீலி வைக்காமல், நீர் நேரே சரளைக்கல் பரப்பிய வடிகாலில் விழும்படி விடுவதையே நான் விரும்புகிறேன்; பீலியில் தூங்குமூஞ்சியின் சிற்றிலைகள் அடைத்தால் நீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகும்.

கேள்வி: தோட்டத்தில் வெட்டும் ரப்பர் மரத்தைத் தூணுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அதில் மாவுச்சத்து மிகுதி. பூஞ்சையும் துளைப்பான் வண்டும் விரைவில் பற்றும். வெட்டியவுடன் மருந்தேற்றி உலர்த்தினால், உள்ளே போடும் குட்டி நாற்காலிகளுக்கும் அலமாரிகளுக்கும் மிக நன்றாக உதவும். பழைய லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைப் பிரிக்கும்போது கடினமரச் சட்டங்கள் கிடைத்தால், ஆணியைப் பிடுங்கி, உளுத்த பகுதியை அறுத்து நீக்கி, சன்னல் சட்டமாக்குங்கள்.

கேள்வி: சன்னல் எவ்வளவு உயரத்தில் தொடங்க வேண்டும்?

பதில்: தரையில் சப்பணமிட்டு உட்காரும் ஐந்து வயதுக் குழந்தையின் கண்மட்டம் ஏறக்குறைய அரை மீட்டர்தான். எனவே 40 சென்டிமீட்டரில் தொடங்கி, குழந்தையின் தலை நுழையாதபடி நெருக்கமான கம்பிகளை நெட்டுக்குத்தாகப் பொருத்துங்கள். குறுக்குக் கம்பி வைத்தால் ஏறிவிடுவார்கள்.