சுகர் இல்லை, பிறகு எதற்கு மெட்ஃபார்மின்?

கேள்வி: வயது 26. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வருகிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி, ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம். சர்க்கரை அளவு சரியாகவே இருக்கிறது. ஆனாலும் டாக்டர் மெட்ஃபார்மின் எழுதியிருக்கிறார். ஆண் ஹார்மோன் எனக்கு எப்படி வந்தது? சுகர் மாத்திரை எதற்கு?

பதில்: டெஸ்டோஸ்டிரோன் புதிதாக எங்கிருந்தும் வந்துவிடவில்லை. எல்லாப் பெண்களின் சினைப்பையிலும் அது சுரக்கிறது. அது இல்லாமல் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனே கிடையாது.

சினைமுட்டை வளரும் சிறு பைக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். அதன் வெளியடுக்கில் உள்ள தீகா செல்கள், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்.ஹெச். என்ற ஹார்மோன் தூண்ட, கொலஸ்ட்ராலை ஆண்ட்ரோஜனாக (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோனாக) மாற்றுகின்றன. அதை ஈஸ்ட்ரோஜனாக்கும் அரோமட்டேஸ் என்சைம், உள்ளடுக்கில் உள்ள கிரானுலோசா செல்களிடம்தான் இருக்கிறது. பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். சொன்னால்தான் அவை வேலையைத் தொடங்கும். உள்ளடுக்கால் ஆண்ட்ரோஜனைத் தானே தயாரிக்க முடியாது. வெளியடுக்கு கொடுத்தால்தான் உண்டு.

சிக்கல் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். பிசிஓஎஸ் (உங்களுக்கு இருப்பதுபோன்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள பலருக்கும் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். உங்கள் சர்க்கரை ரிப்போர்ட் நார்மலாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் தீகா செல்கள் மட்டும் அந்தக் கூடுதல் இன்சுலினுக்கு நன்றாகவே கட்டுப்படும். எல்.ஹெச்.சுடன் அதுவும் சேர, ஆண்ட்ரோஜன் குவிகிறது. போதாததற்கு, டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கல்லீரல் குறைத்துவிடும். முகப்பரு, மோவாய் முடி எல்லாம் இந்தக் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனின் வேலை. ஃபாலிக்கிள்களோ முட்டையை வெளியிடும் அளவுக்கு வளராமல், 2 முதல் 9 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது அவைதான். எடுத்துப் போட வேண்டிய கட்டி எதுவும் அங்கே இல்லை.

இப்போது மெட்ஃபார்மின் ஏன் என்று புரியும். இந்த மாத்திரையால் இன்சுலின் இறங்கினால் தீகா செல்கள் மேல் உள்ள அழுத்தமும் குறையும். எடை கூடுதலாக இருந்தால், அதில் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். ஆரம்பத்தில் வயிறு கொஞ்சம் படுத்தும். வருடக்கணக்கில் எடுத்தால் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இதைப் பலர் சொல்வதே இல்லை: முட்டை வெளியாகத் தொடங்கினால், பீரியட்ஸ் ஒழுங்காவதற்கு முன்பே கரு தங்கலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்றால் தடுப்பு முறை அவசியம்.

90 நாள் தாண்டியும் பீரியட்ஸ் வராவிட்டால் காத்திருக்காதீர்கள். கர்ப்பமில்லை என்று உறுதி செய்துகொண்டு டாக்டரைப் பாருங்கள். முட்டை வெளியாகாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து வேலை செய்தால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். குரல் கட்டையாவது, சில மாதங்களிலேயே முடி அடர்வது இருந்தால் உடனே போங்கள், அது வேறு விஷயமாக இருக்கலாம்.

அப்புறம், முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அடுத்த டெஸ்ட்டுக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில லேப் முறைகளில் அது ஹார்மோன் அளவைத் தவறாகக் காட்டிவிடும்.