டிஎன்எஸ்பிங் ‘ஓகே’ என்கிறது, இருப்புப் பட்டியல் ஏன் திணறுகிறது?

கேள்வி: ராணிப்பேட்டை தோல் கிடங்கிலிருந்து வேலூர் அலுவலகத்து ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு டிஎன்எஸ்பிங் (இணைப்பைச் சோதிக்கும் ஆரக்கிள் கட்டளை) 20 மில்லிசெகண்டில் ‘ஓகே’ காட்டுகிறது. இருப்புப் பட்டியல் திறக்கவோ பல விநாடி ஆகிறது. ஏன்?

டிஎன்எஸ்பிங்கை அதிகம் நம்பாதீர்கள். அது லிசனர் (இணைப்புக் கோரிக்கைகளை முதலில் வாங்கும் நிரல்) வரை மட்டுமே போய்த் திரும்புகிறது. தரவுத்தளம் நின்றுபோயிருந்தாலும் ‘ஓகே’ வரும். வாசலில் காவலாளி குரல் கொடுத்தால் முதலாளி உள்ளே இருக்கிறார் என்றா அர்த்தம்?

ஆரக்கிளில் வினவல்களை நேரடியாக ஓட்டும் கருவியான எஸ்கியூஎல் பிளஸ்ஸில், நேரத்தைக் காட்ட ‘செட் டைமிங் ஆன்’ போட்டு, ஆரக்கிளிலேயே இருக்கும் ஒரே வரி கொண்ட டூயல் அட்டவணையிலிருந்து ஒரு வரி கேளுங்கள். சட்டென்று வந்தால் இணைப்பில் குறையில்லை. பிறகு பட்டியலுக்கான வினவலையே அங்கே ஓட்டுங்கள். அதுவும் விரைவாக முடிந்தால் என் சந்தேகம் உங்கள் மென்பொருள் மேல்தான். ஒவ்வொரு வரிக்கும் அது தனியாகப் போய்வந்தால், 300 வரிக்கு 20 மில்லிசெகண்ட் வீதம் 6 விநாடி வழியிலேயே கரைந்துவிடும். கேபிளை மாற்றிப் பயனில்லை. ஒரே நடையில் 100 வரியாவது அள்ளிவருமாறு நிரலை மாற்றச் சொல்லுங்கள்.