மாசிப் பனியில் வாட்டர்கலர்

கேள்வி: குளிர் நாடுகளில் பனி உருகும் சமயத்தில் வெளியே உட்கார்ந்து வாட்டர்கலரில் நிலக்காட்சி வரைகிற வீடியோக்களைப் பார்த்து, நானும் மாசி மாதக் காலையில் ஆற்றங்கரைக்குப் போனேன். ஏழு மணிக்குப் பூசிய வானம் காயாமல் மலைக்குள் ஓடிவிட்டது. பத்து மணிக்கோ தூரிகை வைத்த இடத்திலேயே காய்ந்தது. வெள்ளைப் பெயின்ட் ட்யூப் வாங்கிச் சரிசெய்யலாமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ட்யூப் வேண்டாம், அந்தக் காசுக்கு 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) காட்டன் தாள் வாங்குங்கள். சார்ட் தாளில் தண்ணீர் பட்டதுமே அப்பளமாக நெளிந்துவிடும், அப்புறம் யார் வரைந்தாலும் ஒன்றுதான்.

அவர்கள் ஊர்ப் பனி வேறு, நம்முடையது வேறு. மாசியும் பங்குனியும் நமக்குப் பின்பனிக் காலம், மச்சைத் துளைக்கும் என்பார்களே அந்தப் பனி. உருக அதில் ஒன்றுமில்லை, வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஆனால் அந்த ஓவியர்களிடம் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் வெள்ளையைப் பூசுவதே இல்லை, தாளை அப்படியே விட்டுவிட்டு, பனிக்கு நடுவே தலைகாட்டுகிற ஈர மண்ணைத்தான் அழுத்தமாகப் பூசுகிறார்கள். நமக்கு அதே பாடம் குளத்தங்கரையில் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த குளம் இப்போது உள்வாங்க ஆரம்பித்திருக்கும்: நடுவே பளபளக்கும் தண்ணீர், அதைச் சுற்றிக் கருஞ்சேறு, அதற்கும் வெளியே வெளுத்து வெடித்த மண். தண்ணீர் மின்னும் இடத்தைத் தாளாகவே விடுங்கள். சேற்றுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்தால் போதும், கறுப்பு டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

இனி காய்கிற சங்கதி. ஏழு மணிக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், தாளிலிருக்கும் தண்ணீர் எங்கே போகும்? அதனால் அந்த நேரத்தை ஓடவேண்டியவற்றுக்கே கொடுங்கள், வானம், மூடுபனி, தூரத்துப் பொதிகை. எல்லை தெளிவாக வேண்டுமென்றால் புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அரைகுறை ஈரத்தில் தண்ணீர்த் தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஒரு திட்டு விழும், அது போகவே போகாது (என்னிடம் அப்படி ஒரு கட்டே இருக்கிறது). பொறுமை இல்லையா, எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வாருங்கள். பனை, வரப்பு, கொக்கு எல்லாம் எட்டரைக்கு மேல். பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் தாளின் இரு பக்கமும் நனைத்துவிட்டுத் தொடங்குங்கள், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

காலையில் மேற்கே மலையைப் பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகுப் பக்கமிருந்து தாளில் விழுந்து கண் கூசும். கறுப்புக் குடை பிடியுங்கள். சிவப்புக் குடை என்றால் அதன் நிறம் தாளில் விழுந்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் படமே வேறாக இருக்கும். சாயங்காலம் இன்னும் சுலபம், வெயில் மலைக்குப் பின்னால் போனதும் முழு மலையும் ஒரே நிறத்தில் நிற்கும்.

குடையும் பரீட்சை அட்டையுமாக உட்கார்ந்தால் "என்ன, சர்வே எடுக்கியளா?" என்று நாலு பேராவது கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள், நான் ஒருமுறை விளையாட்டாகச் சொல்லப்போய், ஒரு பெரியவர் தன் வரப்புத் தகராறை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் வானம் காய்ந்துவிட்டது.