அந்த 16 யாருக்கு?

(நெல்லை டவுனில் தியேட்டர் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன், கூட்டாளிகளோடு போய் 'யுஏ 16+' என்று சென்சார் குறி போட்ட படம் பார்த்துவிட்டு வந்தான். படம் முழுக்க வெட்டுக்குத்து. தியேட்டரில் கேட்டால், "அது எங்க பொறுப்பு இல்லம்மா" என்கிறார்கள். புகார் கொடுக்கலாமா?
— ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: கொடுக்கலாம் அம்மா, ஆனால் நிற்காது. 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது யுஏ-வை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். கூடவே, இது பெற்றோர் பார்த்து முடிவு செய்வதற்கான குறி, வேறு யாரும் இதை அமல்படுத்த முடியாது என்றும் எழுதிவிட்டார்கள். ஆக, அந்த 16 உங்களுக்குத்தான்.

பெரியவர்களுக்கு மட்டும் என்கிற 'ஏ' சங்கதி வேறு. 18 நிறையாதவரை உள்ளே விட்டால் தியேட்டர்காரர் மேல் நடவடிக்கை வரும். 'ஏ' படம் ஓடும்போது வாசலில் நானே நிற்பேன். மீசை அரும்பாத பயல், "அண்ணாச்சி, நான் காலேஜு படிக்கேன்" என்பான். "ஐடி கார்டை எடுல" என்றால் ரதவீதிப் பக்கம் ஓடிவிடுவான்.

பொறுப்பைப் பெற்றோரிடம் கொடுத்தது சரி. சொல்கிற விதம்தான் சரியில்லை. போஸ்டரில் ஹீரோ பெயர் ஆளுயரம், வயதுக் குறி எறும்பளவு. சான்றிதழைத் திரையில் காட்டும்போது பையன் பாப்கார்னோடு உட்கார்ந்திருப்பான்! டிக்கெட் புக் பண்ணும் ஆப்பில் படத்தின் பெயரோடு குறியும் இருக்கும். காசு கொடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: ஓடிடிக்கு சென்சார் உண்டா?
— ஒரு வாசகர், முக்கூடல்

பதில்: தியேட்டர் படத்துக்கு இருப்பதுபோல் முன்கூட்டியே பார்க்கும் போர்டு கிடையாது. 2021 விதிகளின்படி கம்பெனியே வயது போட வேண்டும். 13+ முதல் மேலே உள்ள படங்களுக்கு, பிள்ளைகள் திறக்காதபடி பூட்டு வசதியும் தர வேண்டும். புகார் கொடுத்தால் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆபாசம் என்று 18 ஓடிடி தளங்களை மத்திய அரசு 2024 மார்ச்சில் முடக்கியது. ஆனாலும் வீட்டுக்குள் காவல் அந்தப் பூட்டுதான். அதன் நம்பராகப் பிள்ளை பிறந்த வருடத்தை வைத்துவிடாதீர்கள்!

கேள்வி: அந்தக் காலத்தில் படத்தின் நடுவே ஆபாசத் துண்டை ஒட்டி, நீங்களும் 'பிட்டு' ஓட்டினீர்களோ?
— குறும்பன், மேலப்பாளையம்

பதில்: நான் ஓட்டவில்லை. ஓட்டியவர்களைத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். சென்சார் முடிந்த படத்தில் ஒரு துண்டு ஒட்டினாலும் குற்றம், லைசென்ஸே போய்விடும். இப்போது படம் டிஜிட்டலில் பூட்டிக்கொண்டு வருகிறது. ஒட்ட நினைத்தாலும் ரீல் ஏது?