டிஏசி கருவியை மாற்றினால் இரைச்சல் போய்விடுமா?

கேள்வி: மடிக்கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக, எண்முறை ஒலியை அனலாக் மின்னலையாக மாற்றித் தரும் பழைய டிஏசி கருவி ஒன்றையும், அதன்பின் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களையும் இணைத்துப் பாட்டுக் கேட்டு வருகிறேன். பாட்டு தணியும் இடங்களில் மெல்லிய இரைச்சல் கேட்கிறது. 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் வசதியுள்ள புதிய கருவியை வாங்கினால் இரைச்சல் நீங்கி, இசையும் தெளிவாகுமா?

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, ஒலியளவை வழக்கத்தைவிடச் சற்றே கூட்டி, ஸ்பீக்கருக்கு அருகில் காதை வைத்துக்கொண்டு மவுஸை நகர்த்திப் பாருங்கள். மவுஸின் அசைவுக்கு ஏற்ப இரைச்சல் மாறி, சார்ஜரைப் பிடுங்கியதும் அது அடங்கிவிட்டால், கோளாறு பெரும்பாலும் டிஏசியில் இல்லை. சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தும் யுஎஸ்பி கம்பி வழியாக ஒரு வளையமாகிவிட்டன, அதில் ஓடும் மின்சாரமே இரைச்சலாகக் கேட்கிறது என்று பொருள். புதிய கருவியையும் அதே கம்பியில் மாட்டினால் அதே இரைச்சல் தொடர வாய்ப்பு மிகுதி. உங்கள் டிஏசியில் ஆப்டிகல் உள்ளீடு இருந்தால், யுஎஸ்பியை ஆப்டிகலாக மாற்றும் சிறு கருவியை இடையில் சேருங்கள். ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் வளையம் அறுந்துவிடும். ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையைத் துண்டித்துத் தீர்வு காண மட்டும் ஒருபோதும் முயலாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பிட் என்பது ஒலியின் ஒவ்வொரு அளவீட்டின் நுணுக்கம்; கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது, அதில் பாதி வரையான அதிர்வெண்களே பதிவாகும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சையும், மனிதச் செவியின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலான அதிர்வெண்களையும் தாங்கும். 32 பிட் என்பது கணக்குப்படி 192 டெசிபல். அந்த அளவுக்கு இரைச்சலற்ற மின்சுற்று எங்குமே இல்லை.

கடையில் இரண்டு கருவிகளை மாற்றி மாற்றிக் கேட்கும்போது புதியது துல்லியமாகத் தோன்றுவதற்கு ஒலியளவு வேறுபாடே காரணமாக இருக்கலாம். பழையது 1.5 வோல்ட்டும் புதியது 2 வோல்ட்டும் வெளியிட்டால், புதியதில் ஒலி 2.5 டெசிபல் கூடும். நம் காது அந்தக் கூடுதலைச் சத்தமாக உணராமல் தெளிவாகவும் நிறைவாகவும் உணர்ந்துகொள்ளும். நானும் ஒருமுறை இப்படி ஏமாந்து, அளந்து பார்த்த பிறகே உண்மையை உணர்ந்தேன். ஆகவே 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்து, இரு கருவிகளின் வோல்ட்டும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்படி ஒலியளவைச் சரிசெய்யுங்கள்; பிறகு எந்தக் கருவி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை கேட்டும் இனங்காண முடியவில்லை என்றால், அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்குச் சேமியுங்கள். காதுக்குத் தெரியும் மாற்றம் பெரும்பாலும் அங்கிருந்தும், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பதிலிருந்தும்தான் வருகிறது.

புதிய டிஏசி தேவைப்படும் நிலைகளும் உண்டு: பழையதற்குரிய டிரைவர் உங்கள் கணினியின் புதிய இயங்குதளத்தில் வேலை செய்யாதபோது, ஒரு பக்க ஒலி விட்டுவிட்டு வரும்போது, அல்லது தொலைக்காட்சியை இணைக்க அதில் இல்லாத உள்ளீடு வேண்டியிருக்கும்போது. அப்போதும், மேற்சொன்ன சோதனையை வீட்டில் செய்து முடிக்கும் அளவுக்காவது திருப்பித் தரும் கெடு உள்ள கடையில் வாங்குங்கள். அந்தக் கெடுவைப் பணம் கட்டும் முன்பே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.