பூமியின் ஆழத்தில் கார்பன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், பூமிக்குள் மொத்தம் எவ்வளவு கார்பன் இருக்கும்?

பதில்: ‘டீப் கார்பன் அப்சர்வேட்டரி’ என்ற சர்வதேச ஆய்வுக் குழுவின் விஞ்ஞானிகள் 2019-இல் வெளியிட்ட மதிப்பீடு சுமார் 185 கோடி ஜிகாடன். ஒரு ஜிகாடன் என்பது 100 கோடி டன். கடல், நிலம், காற்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் 43,500 ஜிகாடன்தான். லட்சத்தில் மூன்று பங்குகூடத் தேறாது.

கேள்வி: அவ்வளவும் வைரமா?

பதில்: இல்லை, வைரம் மிகச் சொற்பம். பெரும்பகுதி பூமியின் மையத்தில் இரும்போடு கலந்திருப்பதாகக் கணிப்பு. ஆனால் ஆழத்தைப் பற்றி நேரடியாகச் சாட்சி சொல்வது வைரம்தான். பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த ஒரு வைரம் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பழுப்பேறி அழுக்காக இருந்தது, சந்தையில் விலை போகாது. அதற்குள் ரிங்வுடைட் என்ற கனிமத் துணுக்கு சிக்கியிருந்ததை 2014-இல் அறிவித்தார்கள். 410 கிலோமீட்டருக்கும் கீழே உருவாகும் கனிமம் அது! எந்த நகைக்கடை வைரத்தையும்விட எனக்கு அதுதான் உசத்தி.

கேள்வி: எரிமலைகள் நம்மைவிட அதிகமாக கார்பன் டை ஆக்சைடு விடுகின்றன என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?

பதில்: இல்லவே இல்லை. தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். எரிமலைகளும் அவை சார்ந்த பகுதிகளும் ஆண்டுக்கு விடுவது 0.28 முதல் 0.36 ஜிகாடன். நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு என்று நாம் எரித்து விடுவது 35 ஜிகாடனுக்கும் மேல். ஏறக்குறைய நூறு மடங்கு. கடலடித் தட்டு, கார்பன் அடங்கிய சுண்ணாம்புப் படிவங்களோடு கீழே அமிழ்கிறது. அதில் ஒரு பகுதி எரிமலை வழியாக மறுபடி மேலே வருகிறது. இந்தச் சுற்றுக்குப் பல லட்சம், பல கோடி ஆண்டுகள் பிடிக்கும். நாம் எரிக்கும் வேகத்துக்கு இந்தச் சுற்றால் ஈடுகொடுக்க முடியாது.

கேள்வி: அண்ணா, கார்பனேட்டே குழம்பாக வரும் எரிமலை உண்டா?

பதில்: உண்டு. கார்பனேட் என்றால் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு வகை; சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் அதுதான். அது குழம்பாக வருவது தான்சானியாவின் ஓல்டோன்யோ லெங்காய் எரிமலையில். இன்று உயிரோடு இருப்பதில் இந்த வகை இது ஒன்றுதான். குழம்பு 500 முதல் 600 டிகிரி செல்சியஸ்தான். ஹவாய்த் தீவு எரிமலைகளில் அது 1,100-ஐத் தாண்டும். வரும்போது கருப்பாக வழிந்து, காற்றின் ஈரம் பட்டதும் வெளுத்துவிடும்.

கேள்வி: நம் ஊரில் பார்க்க முடியுமா?

பதில்: எரிமலை இல்லை, பாறை இருக்கிறது. திருப்பத்தூர் அருகே சேவத்தூரில் கார்பனடைட் பாறை உண்டு; கார்பனேட் குழம்பு இறுகி உண்டான பாறை அது. வயது 70 கோடி ஆண்டுக்கு மேல். அங்கே கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் மிகுந்த துண்டு கிடைத்தால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கும். அந்தக் குமிழ்களில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு.