‘எல்லாரும்’ என்ற சொல்லை என்ன செய்வது?

கேள்வி: 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தப்பெண்ணம் பற்றிப் பாடம் எடுத்தேன். எந்தக் கூட்டத்தாரைப் பற்றி என்ன கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். இப்போது அந்தச் சொற்களை வைத்தே கேலி செய்கிறார்கள். எங்கே பிசகு?

பதில்: பட்டியலில்தான். நாலு பேர் அறிந்திருந்த வசவு இப்போது வகுப்புக்கே பாடமாகிவிட்டது. ‘இதெல்லாம் பொய்’ என்று நீங்கள் சொன்னது மறந்துபோகும். சொல் மட்டும் தங்கும்.

மனிதர்களை விட்டுவிட்டு மணிகளில் தொடங்குங்கள். குழுவுக்கு ஒரு துணிப்பை. ஒவ்வொன்றிலும் 14 சிவப்பு மணி, 6 நீல மணி. தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. எத்தனை மணி, என்னென்ன நிறம் என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு குழுவும் பார்க்காமல் 3 மணி எடுத்து, திருப்பிப் போடாமல், ‘பையில் இருப்பது என்ன?’ என்பதற்கு ஒரே வரியில் பதில் எழுதட்டும். கணக்குப்படி ஏறக்குறைய மூன்றில் ஒரு குழுவுக்கு மூன்றுமே சிவப்பாக வரும். ‘எல்லாம் சிவப்பு’ என்று அடித்துச் சொல்வார்கள். நீலம் கண்ட பக்கத்துக் குழு சண்டைக்கு வரும். வரட்டும், நடுவில் புகுந்து விளக்காதீர்கள். பிறகு இன்னும் 5 எடுத்து, எழுதிய வரியைத் திருத்தச் சொல்லுங்கள். ‘எல்லாம்’ போய், ‘நாங்கள் எடுத்த எட்டில் ஆறு’ என்பது போல ஒரு வரி வரும். அந்த ‘நாங்கள் எடுத்த’ வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். குறைந்தது 8 குழு வேண்டும். மூன்று நான்கு குழு மட்டும் என்றால் யாருக்குமே மூன்றும் சிவப்பாக வராமல் போகலாம், பாடம் படுத்துவிடும்.

மனிதர்களைப் பற்றிய பேச்சு அடுத்த வகுப்பில். அதுவும் யாரையும் சுடாத வாக்கியமாக: ‘கதைப் புத்தகம் படிக்கிறவர்கள் விளையாட மாட்டார்கள்.’ கை தூக்கச் சொல்லி எண்ணினால் அங்கேயே உடைந்துவிடும். எத்தனை பேரைப் பார்த்தாய், எங்கே பார்த்தாய், அப்படி இல்லாத ஒருவரைத் தேடினாயா என்ற மூன்று கேள்வியையும் பழக்குங்கள்.

ஒரு பிடிவாதம் கட்டாயம் வரும்: ‘அவன் மட்டும் வேற மாதிரி சார்.’ விதியைக் காப்பாற்ற ஆளை விலக்கிவைக்கும் தந்திரம் இது; பெரியவர்களும் கைதேர்ந்தவர்கள். எத்தனை விதிவிலக்கு வந்தால் விதியைக் கைவிடுவாய் என்பதை, கைகளை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கண் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டும் பயிற்சியைச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அமெரிக்க ஆசிரியை ஜேன் எலியட் 1968-இல் மூன்றாம் வகுப்பில் செய்தது அது. பாதிப் பேரை நாள் முழுக்கத் தாழ்த்திவைக்கும் பயிற்சியில், ஏற்கெனவே அடிபட்ட பிள்ளை மறுபடி அடிபடும். அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-இல் உருவாக்கிய துண்டுப்பட முறை மேல். பாடத்தை 5 துண்டாக்கி, ஐவர் குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுங்கள்; ஒதுக்கப்படும் பிள்ளை சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பாடம் முழுமையாகும். தேர்வை மட்டும் தனித்தனியாக வையுங்கள். பொது மதிப்பெண் போட்டால் மெதுவாகப் படிக்கிற பிள்ளைமேல் பழி விழும்.